ஒட்டாத துளியை வேலை வாங்குவது எப்படி?

"தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இருக்கக் கத்துக்கப்பா" என்று நமக்கு அறிவுரை சொல்லாத பெரியவர் கிடையாது. சொன்னவர்களில் ஒருவராவது நிஜமாகவே ஒரு தாமரை இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோகப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். பார்த்திருந்தால் உவமையை மாற்றியிருப்பார். லேசாகச் சாய்த்தால் சிட்டாகப் பறந்து மறு ஓரத்தில் குதித்துவிடும். நிறுத்தலாம் என்று நிமிர்த்தினால் வேறு பக்கம் ஓடும். விரலை வைத்து மறித்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். இலையில் மட்டும் ஒட்டாது.

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் உண்டு. பாராட்டினாலும் உருண்டுவிடும், திட்டினாலும் உருண்டுவிடும். மெமோ கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். எதிலும் பட்டுக்கொள்ளாத மகான். அவரை வேலை வாங்குவது எப்படி என்று எந்த மானேஜ்மென்ட் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதே ரகத் தண்ணீர்த் துளியை வேலை வாங்குவது எப்படி என்று உலகத்தில் பல ஆய்வுக்கூடங்களில் முப்பது வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பி.காம். பற்று வரவு தெரியும், தேய்மானம் தெரியும். பௌதிகத்துக்கும் நமக்கும் பத்தாம் வகுப்போடு தீர்வை. இருந்தும் இந்த ஒட்டாத சமாச்சாரம் கொஞ்ச நாளாக என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஏன் ஒட்டவில்லை என்று பார்த்துவிடலாம். ஜெர்மனியில் வில்ஹெல்ம் பார்த்லாட் என்று ஒரு தாவரவியல்காரர். 1970-களில் இலைகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. வழவழப்பான இலைகளை ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது. சொரசொரப்பான சில இலைகளில் அழுக்கே இல்லை. நம் வீட்டுப் புத்தி என்ன சொல்லும்? மொசைக் தரைதானே சுத்தமாக இருக்கும், சிமென்ட் தரையில்தானே அழுக்குச் சேரும்? இலை நேர் எதிர். தாமரை இலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மேடு மேடாக இருக்கிறது. ஒவ்வொரு மேடும் சுமாராக மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்த மேட்டின் மேல் அதைவிட நூறு மடங்கு மெல்லிய மெழுகுக் குழாய்கள். துளி இந்த நுனிகளின் மேல்தான் உட்காருகிறது, அம்புப் படுக்கையில் பீஷ்மர் மாதிரி. இடைவெளி முழுக்கக் காற்று. துளிக்கு அடியில் இருப்பது இலை என்பதைவிடக் காற்று என்பதே பொருத்தம். ஒட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை. பார்த்லாட்டும் அவர் சகாவும் இதை விளக்கமாக எழுதியது 1997-ல். இரண்டு வருஷத்தில் இந்த உத்தியில் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் வந்துவிட்டது. மழை பெய்தால் சுவர் தானே குளித்துக்கொள்ளும்.

துளியின் ஓரம் பரப்பைத் தொடுகிற இடத்தில் ஒரு கோணம் உண்டு. சுத்தமான கண்ணாடியில் துளி தோசை மாவு மாதிரிப் பரவிவிடும், கோணம் மிகக் குறைவு. மெழுகுத் தாளில் 100 டிகிரியைத் தாண்டும். 150-ஐத் தாண்டினால் அதி நீர்விலக்கி என்று பட்டம் கொடுக்கிறார்கள். தாமரை சுமார் 160. முழு உருண்டைக்கு 180. பாஸ் மார்க் இவ்வளவு உயரத்தில் இருக்கும் பரீட்சையில் ஒரு குளத்துச் செடி இப்படி வாங்குகிறதென்றால் சும்மா இல்லை.

"சரி, ஒட்டலை. ஓடுது. அதை எதுக்குய்யா இழுத்துப் பிடிச்சு வழி காட்டணும்? விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார், இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்கு முன்பே வாய்வழியாக விமரிசிக்கும் நண்பர் ஒருவர். வங்கியில் இருக்கிறார். எதற்கும் அவருக்கு வட்டி தெரிய வேண்டும்.

நியாயமான கேள்வி. பதில் ரத்தம்.

என் தங்கைக்குப் பெண் பிறந்த மூன்றாம் நாள், நர்ஸ் ஒரு அட்டையோடு வந்தார். தடித்த வடிகட்டும் காகிதம், அதில் அச்சிட்ட ஐந்து வட்டங்கள். குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து. அது வீறிட்டதில் பக்கத்து அறைக் குழந்தையும் சேர்ந்துகொண்டது.

"இன்னும் எவ்வளவு சிஸ்டர்?" என்றாள் தங்கை, அழுகைக்கு ரெடியாக.

"ரெண்டு வட்டம் ஆயிருச்சும்மா. இன்னும் மூணுதான்."

தங்கையின் மாமியார் பொறுக்கவில்லை. "அதோட உடம்புல இருக்கிறதே ரெண்டு கரண்டி ரத்தம். அதையும் பேப்பர்ல தடவுறீங்களே!"

ரெண்டு கரண்டி இல்லை. மூன்று கிலோ குழந்தைக்குக் கால் லிட்டர் வரை இருக்கும். ஆனால் மாமியார் கட்சியில்தான் நானும். காரணம், அந்தச் சில சொட்டுகளிலிருந்து சொல்ல வேண்டிய விஷயங்கள் கொஞ்சநஞ்சமில்லை. தைராய்டு சரியாகச் சுரக்கிறதா, இந்த நொதி இருக்கிறதா, அந்த நொதி இருக்கிறதா என்று நீளமான பட்டியல். காய்ந்த ரத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் வட்டமாக ஒரு வில்லையை வெட்டி எடுத்து, திரவத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் பங்கு வைக்க வேண்டும். பெரிய குடும்பத்தில் ஒரு மாம்பழத்தை வெட்டுகிற கதை.

சின்னக் குழாய்கள் வழியாக அனுப்பலாமே என்றால், அங்கேதான் வம்பு. குழாயின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதே அளவு திரவத்தைத் தள்ள 16 மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்குப் பம்ப், வால்வு, இணைப்பு. போதாததற்குக் குழாயின் சுவர் வேறு தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். வழியெல்லாம் பூசிக்கொண்டு கடைசியில் சேர வேண்டிய இடத்தில் வந்து சேருவது கொஞ்சம். பட்ஜெட் ஒதுக்கீடு கிராமத்துக்கு வந்து சேருகிற மாதிரி. துளியாகவே வைத்துக்கொண்டால் குழாய் வேண்டாம். துளியே பாத்திரம், துளியே வண்டி. பரப்பில் ஒட்டாததால் வழியில் இழப்பு சொற்பம். ஆக, ஒட்டாமலும் இருக்க வேண்டும், சொன்ன பேச்சும் கேட்க வேண்டும். மருமகனுக்கு வரன் பார்ப்பது போன்ற எதிர்பார்ப்பு.

துளியை வழிநடத்த முதலில் எவருக்கும் தோன்றுவது வாய்க்கால் வெட்டுவது. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2011-ல் அதைத்தான் செய்தார்கள். வாய்க்காலும் ஒட்டாத வாய்க்கால். கொஞ்சம் சாய்த்துவிட்டால் துளி அதன் வழியே ரயில் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. அடுத்த வருஷம் அதே கூட்டம் இன்னொன்று செய்து காட்டியது: இரண்டு துளிகளை மோதவிட்டால், வேகம் சரியாக இருந்தால் ஒன்றாகக் கலக்காமல் காரம் காய்கள் மாதிரி மோதி விலகுகின்றன. இரண்டுக்கும் நடுவே காற்றுப் படலம் சிக்கிக்கொள்வதால் இந்த மரியாதை. வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு இதிலேயே கணக்குப் போடும் கதவுகள் அமைத்துவிட்டார்கள். தண்ணீரில் கம்ப்யூட்டர்! மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் மனு பிரகாஷ் குழுவினரும் 2015-ல் காந்தத் துகள் கலந்த துளிகளைச் சுழலும் காந்தப் புலத்தில் தாளம் தப்பாமல் நடக்கவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சம்பளப் பட்டியல் போட யாரும் இதை வாங்கப்போவதில்லை. வேகமெல்லாம் ஆமை. அவர்கள் நோக்கமும் அது இல்லை. துளிகளை ஒரே சமயத்தில் கட்டளைப்படி ஆட்டிவைப்பதுதான்.

சாய்வே இல்லாமல், ஏன், மேட்டில்கூடத் துளியை ஏற்றலாம். 1992-ல் மனோஜ் சௌத்ரி, ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் இருவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: தண்ணீரை மேல்நோக்கி ஓடவைப்பது எப்படி. ஒரு சிலிக்கான் வில்லை. அதன் ஒரு ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்காத ரசாயனத்தின் ஆவி அதிகமாகப் படியும்படி செய்தார்கள். போகப் போகக் குறைவு. மறு ஓரத்தில் இல்லவே இல்லை. 15 டிகிரி சரிவில் அடியில் துளியை வைத்தார்கள். பிடிக்காத இடத்திலிருந்து பிடித்த இடத்துக்கு, விநாடிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வீதம், புவியீர்ப்பைப் பொருட்படுத்தாமல் ஏறிப் போயிற்று. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. வெறும் ஆசை.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. இதில் ஒரு சின்ன சோகமும் உண்டு. பிடித்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த துளி அங்கேயே பரந்து படுத்துவிடும். அப்புறம் அசைக்க முடியாது. பிரமோஷன் ஆசையில் ஓடி ஓடி வேலை செய்தவர் கடைசியில் சுழல் நாற்காலி கிடைத்ததும் என்ன ஆகிறார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இந்த உத்தியை நீட்டுவதே கஷ்டம்.

அடுத்தது தோசைக்கல். கல் சுமாராகச் சூடானால் தெளித்த தண்ணீர் 'சொய்ங்' என்று அங்கேயே ஆவியாகிவிடும். அநியாயத்துக்குச் சூடேறிவிட்டால் ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும், கவனித்திருப்பீர்கள். துளிக்கு அடியில் அதன் ஆவியே மெத்தையாகிவிடுகிறது. இந்த மெத்தை வெப்பத்தைச் சீக்கிரம் விடாது. 1756-ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்ததால் அவர் பெயர் நின்றுவிட்டது. நம் பாட்டிகள் எழுதி வைக்கவில்லை. சூடான எந்த உலோகமும் இப்படி ஒரு ஒட்டாத பரப்புதான், மெழுகும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். 2006-ல் ஹைனர் லிங்கே குழுவினர் இந்தக் கல்லில் ரம்பப் பல் மாதிரி, ஒரு பக்கம் சரிவு ஒரு பக்கம் செங்குத்து என்று வரிவரியாகச் செதுக்கினார்கள். துளி சும்மா அலையாமல் ஒரே திசையில் விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது, மேட்டிலும் ஏறியது. அடியிலிருந்து தப்பிக்கும் ஆவி பல்லின் சாய்வால் ஒரு பக்கமாகத் திருப்பப்பட்டு, துளியையும் கூடவே இழுத்துப் போகிறது. பிரான்ஸில் தண்ணீருக்குப் பதிலாக உலர் பனிக்கட்டியை வைத்தார்கள். திடப்பொருளான அதுவும் சமர்த்தாக நகர்ந்தது. பார்க்க வேடிக்கை. ஆனால் ரத்தத்தை 200 டிகிரி கல்லில் ஓட்டினால் கிடைப்பது ரிப்போர்ட் இல்லை, பொரியல்.

மின்சாரத்துக்கு வருவோம். இதன் கதை கொஞ்சம் நீளம், சுவாரசியமானதும்கூட.

1875-ல் பாரிஸில் கேப்ரியேல் லிப்மன் என்ற இளைஞர் மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தையும் அமிலத்தையும் வைத்து, மிகச் சிறிய வோல்ட்டேஜ் கொடுத்தால் பாதரசத்தின் பரப்பு இழுவிசை மாறி அது ஏறி இறங்குவதைக் காட்டினார். அதையே ஒரு கருவியாகவும் செய்துவிட்டார். 1887-ல் அகஸ்டஸ் வாலர் என்பவர் லண்டனில் அந்தக் கருவியைக் கொண்டுதான் மனித இதயத்தின் மின் துடிப்பை முதன்முதலில் பதிவு செய்தார். இன்றைக்கு நாற்பது தாண்டியதும் ஆபீஸ் செக்கப்பில் எடுக்கிறார்களே ஈ.சி.ஜி., அதன் கொள்ளுத் தாத்தா. வாலரிடம் ஜிம்மி என்று ஒரு புல்டாக் இருந்தது. அதன் கால்களை உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்திக் கூட்டத்துக்குச் செய்து காட்டுவார். 1909-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இது மிருகவதை ஆகாதா என்று கேள்வி வந்துவிட்டது. ஜிம்மி என்னவோ கடல்கரையில் நிற்கிற மாதிரிதான் நின்றிருக்கும். லிப்மனுக்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதற்கு இல்லை, வண்ணப் புகைப்படத்துக்கு.

இந்த வித்தையைத் தண்ணீரில் நேரடியாகச் செய்ய முடியாது. மின்வாயைத் தொட்டால் கொஞ்சம் வோல்ட்டேஜிலேயே தண்ணீர் பிரிந்து குமிழி விட ஆரம்பித்துவிடும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது. 1993-ல் புரூனோ பெர்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர் நடுவே மெல்லிய மின்காப்புப் படலம் ஒன்றைப் போட்டார். அவ்வளவுதான். நம் ஊர் எலெக்ட்ரீஷியன் ஒயரில் டேப் சுற்றுகிற வேலை, பார்க்கப் போனால். இப்போது படலத்துக்கு அடியில் வோல்ட்டேஜ் கொடுத்தால் மேலே உருண்டையாக நிற்கும் துளி குழைந்து தட்டையாகிறது. எடுத்தால் மறுபடி உருண்டை. அதாவது ஒரு பரப்பு தண்ணீரைப் பிடிக்காததாக இருப்பதும் பிடித்ததாக மாறுவதும் ஒரு சுவிட்ச்சில்.

சௌத்ரியின் துளிக்கு நேர்ந்த சோகம் இங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தின் பிரியத்தை அணைத்துவிட்டு அடுத்த கட்டத்தை ஏற்றினால், துளி மறுபடி கிளம்ப வேண்டியதுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபேர் குழுவினர் 2000-ல் சதுரம் சதுரமாக மின்வாய்களை அடுக்கி, மேலே டெஃப்லான் ஜாதிப் பூச்சு போட்டு, துளியைக் கட்டம் கட்டமாக நகர்த்தினார்கள். தாமரை அளவு ஒட்டாத பூச்சு இல்லை. ஆனாலும் இதற்குப் போதும். மூன்று கட்டத்தில் இரண்டு ஓரத்தையும் ஏற்றி நடுவை அணைத்தால் துளி இரண்டு பக்கமும் இழுபட்டு இடுப்பு ஒடுங்கி இரண்டாகப் பிரிகிறது. இரண்டு துளிகளை ஒரே கட்டத்துக்கு அழைத்தால் சேர்கின்றன. நாலு சுற்றுச் சுற்றிவந்தால் கலக்கிவிட்டதாக அர்த்தம். பல்லாங்குழி ஆடுகிற கை மாதிரி எடுக்கலாம், பிரிக்கலாம், சேர்க்கலாம், கைதான் இல்லை. ஒரு துளி மில்லிலிட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இனி மறுபடி அந்த அட்டை. டியூக்கிலிருந்து கிளம்பிய இந்த வழிமுறையில் பிறந்த கருவி ஒன்றுக்கு 2017 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 'சீக்கர்' என்று பெயர். பச்சைக் குழந்தையின் காய்ந்த ரத்த வில்லையிலிருந்து எடுத்த சாற்றைத் துளிகளாக்கி, நகர்த்தி, மருந்தோடு சேர்த்து, நாலு அபூர்வ நோய்களுக்கான நொதிகளை அளக்கிறது. அனுமதிக்கு முன்பே மிசௌரி மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் பார்த்துவிட்டார்கள்.

நாலில் ஒன்று பாம்ப்பே நோய். நம் பம்பாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்டுபிடித்த டச்சு மருத்துவரின் பெயர். ஒரு நொதி இல்லாததால் தசைகளில், முக்கியமாக இதயத் தசையில், சர்க்கரைச் சரக்கு உடையாமல் குவிகிறது. பிறந்த அன்று குழந்தை நன்றாகத்தான் இருக்கும். கடுமையான வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. இல்லாத நொதியை ஊசி வழியாகக் கொடுக்கும் சிகிச்சை 2006-லிருந்து இருக்கிறது, ஆனால் இதயம் பெருத்து வீங்குவதற்கு முன்னால் ஆரம்பித்தால்தான் அதற்கு முழு மரியாதை. எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் விஷயம். வங்கி நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் வட்டி கேட்கவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ரத்தம் தண்ணீர் இல்லை. அதிலிருக்கும் புரதங்கள் எந்தப் பூச்சிலும் ஒட்டிக்கொள்ளத் துடிப்பவை; ஒட்டாத பரப்பு கொஞ்ச நேரத்தில் ஒட்டும் பரப்பாகிவிடும். அதனால் துளியைச் சுற்றி சிலிக்கோன் எண்ணெய் நிரப்பி, வழுக்கிக்கொண்டு போகவைக்கிறார்கள். துளி காய்ந்து போகாமலும் இருக்கும். இன்னொரு தலைவலி பூச்சுகளே. பல பூச்சுகள் ஃப்ளோரின் கலந்தவை. இந்த ரசாயனக் குடும்பத்தில் பல லேசில் அழியாதவை, மண்ணிலும் தண்ணீரிலும் தங்கிவிடுபவை. பி.எஃப்.ஓ.ஏ. என்ற ஒன்றை 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. எதிலும் ஒட்டாத பொருள் உலகத்தோடு இப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது.

செயற்கைத் தாமரை இலைகளுக்குத் தேய்மானம் வேறு. (இது என் டிபார்ட்மென்ட்.) நுண்ணிய மேடுகள்தான் மூலதனம், விரலால் நாலு தடவை தேய்த்தால் நுனிகள் முறிந்து மூலதனம் காலி. கடையில் விற்கும் ஒட்டாத ஸ்ப்ரேக்களை ஷூவில் அடித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ரெண்டு மழையில் புரிந்திருக்கும்.

சந்தேகமிருந்தால் சேப்பங்கிழங்கு இலை ஒன்றைச் சம்பாதியுங்கள். தாமரைக்குக் குளத்தில் இறங்க வேண்டும், இது கொல்லையிலேயே கிடைக்கும். ஒட்டாத குணத்தில் இரண்டும் பங்காளிகள். ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாருங்கள். பிறகு இலையின் ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு, மறுபடி உருட்டுங்கள். தேய்த்த இடம் வந்ததும் துளி நின்றுவிடும். செடியிலேயே இருக்கும் இலையென்றால் மெழுகை மறுபடி சுரந்துகொள்ள வாய்ப்பு உண்டு. பறித்துவிட்டால் போயிற்று. ஆகவே செடியில் வைத்தே செய்யுங்கள். வீட்டில், "ஆபீஸ் போற வயசுல இலையில தண்ணி விட்டு விளையாடுறான் பாரு" என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.